டீசல் நெறஞ்சிட்ச்சி

கப்பலைக் காப்பாற்றினார்களாம், அதற்கு வெகுமதி கேட்டு ஹைகோர்ட்டில் கேஸ் போட்டிருக்கிறார்களாம். பாண்டி பஜார் பக்கம் ஆபீஸ் வைத்திருக்கும் வக்கீல் பெண் போனில் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"யாரு, நேவியா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமி. பட்டினப்பாக்கம் மீனவர்கள். மூணு சின்ன ஃபைபர் படகுல போய்."

"ஃபைபர் போட்டு கப்பலை இழுத்துதாக்கும்! நன்னாருக்கு போ."

நான் செய்வது மொழிபெயர்ப்பு. மந்தைவெளியில், பறக்கும் ரயில் போகிற சத்தம் கேட்கும் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் உட்கார்ந்துகொண்டு, வக்கீல்களுக்காகத் தமிழ் உயில், பத்திரம், வாக்குமூலம் எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கிறேன். இருபது வருஷமாக இதே பிழைப்பு. அண்ணன் தம்பியை ஏமாற்றியது, மருமகள் மாமியாரின் கைநாட்டை வாங்கியது, செத்துப்போனவர் செத்த மறுவாரம் கையெழுத்துப் போட்டது என்று படித்துப் படித்து எனக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. யார் எதைச் சொன்னாலும் நம்பமாட்டேன். என் கணவர், 'நாகேஸ்வரராவ் பார்க்கில் நாலு சுற்று நடந்துவிட்டு வந்தேன்' என்றால், சட்டையில் பஜ்ஜி வாசனை வருகிறதா என்று பார்ப்பேன். வரும்.

வக்கீல் பெண் பொறுமையாக விளக்கினாள். கடலில் ஆபத்தில் மாட்டிய கப்பலை, தன் கடமை என்று இல்லாமல் தானாகப் போய் ஒருவர் காப்பாற்றி, கப்பலும் பிழைத்துவிட்டால், கப்பல்காரர் அவருக்கு வெகுமதி கொடுக்க வேண்டும். இது உலகம் முழுக்க இருக்கும் சட்டமாம். கப்பல் போய்விட்டால் காப்பாற்றப் போனவருக்கு ஒன்றும் கிடையாது. இதற்கு சால்வேஜ் என்று பெயர். ஆனால் ஆபத்து நிஜமாகவே இருந்தது என்று காட்ட வேண்டும், அதுதான் முக்கியம் என்றாள். நான் "உம், உம்" என்று கேட்டுக்கொண்டேன். கூப்பிடாமல் போய்க் கயிற்றைக் கட்டிவிட்டு அப்புறம் காசு கேட்பதற்கு ஒரு சட்டமா என்றுதான் உள்ளே ஓடியது.

இரண்டு நாள் கழித்து அந்த மீனவரே வந்தார். மூன்று படகுக்காரர்களில் கப்பல் மேலே ஏறிப் பார்த்தவர் இவர் ஒருவர்தான் என்பதால் இவர்தான் முக்கியச் சாட்சி. இவர் சொல்வதைத் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கி, கூடவே இங்கிலீஷிலும் போட்டுக் கொடுக்க வேண்டியது என் வேலை. நாற்பத்தைந்து வயசு இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. அந்த இஸ்திரியே எனக்கு உறுத்தியது. யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கேட் சங்கிலியை எடுக்காமலேயே, "யாரு அனுப்பினா?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

உட்கார்ந்ததும், "நீ கேளும்மா, நான் சொல்றேன்," என்றார். அந்தப் பக்கத்துப் பேச்சில் 'நீ' என்பது மரியாதைக் குறைவு இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சுருக்கென்றது. நான் வாயில் 'நீங்க' என்று சொல்லிக்கொண்டு மனசுக்குள் 'அவன்' என்று வைத்துக்கொண்டேன். எது பெரிய மரியாதைக் குறைவு என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் சொன்னது இதுதான். ஐப்பசி மழையில் ஒரு காலை. வாடைக் காற்று. வலை போட்டுவிட்டுக் காத்திருந்தபோது, ஒரு சின்னச் சரக்குக் கப்பல் இஞ்சின் நின்றுபோய், அடையாறு முகத்துவாரத்தில் உடைந்த பாலம் இருக்கிறதே, அந்தப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டிருந்தது. நங்கூரம் பிடிக்கவில்லை. உள்ளே ஏழு பேர். இவர்கள் மூன்று படகும் வலையை அப்படியே விட்டுவிட்டுப் போய், கயிறு கட்டி, கப்பலின் முகத்தைக் கடல் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்கள். துறைமுகத்திலிருந்து இழுவைப் படகு வந்து சேர ஐந்து மணி நேரம். அதுவரை கப்பல் தரை தட்டாமல் இழுத்துப் பிடித்ததில் இவர் இஞ்சின் எரிந்துவிட்டது.

"இப்ப மச்சான் போட்ல ஆளா போய்க்கினு கீறேன்," என்றார். "என் போட்டு மணல்ல சும்மா கீது. இது வந்தா இஞ்சின் வாங்கிடுவேன். வேற ஒண்ணும் வாணாம்மா."

எல்லோரும் இப்படித்தான் வேற ஒண்ணும் வேணாம் என்பார்கள். நான் குடைய ஆரம்பித்தேன்.

"கப்பல் முழுகிடும்னு பயந்தீங்களா?"

அவர் சட்டென்று கையை உயர்த்தினார். "எம்மா, அந்தப் பேச்செல்லாம் வாணாம்."

"கோர்ட்டுல கேப்பாங்களே."

"கேட்டா கப்பலு மோசமா இருந்திச்சின்னு எய்திக்க."

"மோசம்னா எப்படி?"

"மோசம்னா மோசம்தாம்மா. அதுக்கு மேல இன்னா சொல்றது?"

நழுவுகிறான் பார் என்று நினைத்தேன். "சரி, இஞ்சின் ஏன் நின்னுது? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? நான்தான் மேல ஏறிப் போனேனே. டேங்குல நானே கம்பிய உட்டுப் பாத்தேன். டீசல் சுத்தமா நெறஞ்சிட்ச்சி."

அதை அவர் சொன்னபடியே தமிழில் எழுதினேன். பிறகு, டேங்க் முழுவதும் டீசல் நிரம்பியிருந்தது என்று இங்கிலீஷில் தட்டினேன். தட்டும்போதே விரல் நின்றது. டேங்க் முழுக்க டீசல் இருந்தால் இஞ்சின் ஏன் நிற்க வேண்டும்? இதற்கென்று எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வரியில் சந்தேகம் வந்தாலும் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, சொன்னவரைத் திரும்பக் கேட்பேன், இல்லை வக்கீலுக்கு எழுதுவேன். இருபது வருஷத்தில் தவறியதில்லை. அன்று கோடு போடவில்லை. ஆஹா, மாட்டினான் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பொய் சொல்கிறவனுக்கு ஓட்டையை அடைத்துக் கொடுக்கவா நான் இருக்கிறேன் என்று ஒரு திமிர். எதிரே உட்கார்ந்திருந்த மனுஷனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. தமிழைப் படித்துக் காட்டினேன், தலையை ஆட்டினார், கையெழுத்துப் போட்டார்.

பல மாதம் கழித்துக் கப்பல்காரரின் பதில் வந்தது. அப்போதுதான் அந்த ஒரு வரி எவ்வளவு கனம் என்று தெரிந்தது. கப்பலில் டீசல் வேண்டிய அளவு இருந்தது, இஞ்சினில் சின்னக் கோளாறு, பத்து நிமிஷத்தில் தாங்களே கிளப்பியிருப்போம், ஆபத்து என்று எதுவுமே இல்லை, மீனவர்கள் கேட்காமலேயே கயிற்றைக் கட்டிவிட்டு இப்போது கதை கட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். ஆபத்து இல்லையென்றால் வெகுமதியும் இல்லை, அவ்வளவுதான்.

சாட்சி விசாரணையைப் பதிவு செய்யக் கோர்ட் ஒரு கமிஷனரை நியமித்திருந்தது. ஓய்வு பெற்ற ஜட்ஜ். மயிலாப்பூரில், லஸ் பக்கம், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் விசாரணை. கேள்வியைத் தமிழிலும் பதிலை இங்கிலீஷிலும் சொல்வதற்கு இரண்டு தரப்பும் என்னையே ஒத்துக்கொண்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் வயசானவர், ரொம்ப மரியாதையானவர். எனக்கு முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் அவர் உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல் நேரே அந்த வரிக்கு வந்தார்.

நான் தமிழில் கேட்டேன். "கப்பல் டேங்க்ல டீசல் நிறைஞ்சிருந்ததுன்னு வாக்குமூலத்துல சொல்லியிருக்கீங்க. சரிதானா?"

"ஆமாம்மா. நெறஞ்சிட்ச்சி."

"நிச்சயமாத் தெரியுமா?"

"நானே கம்பிய உட்டுப் பாத்தேன்னு சொல்றேனே. சுத்தமா நெறஞ்சிட்ச்சி."

நான் இங்கிலீஷில் சொன்னேன். டைப்பிஸ்ட் அடித்தார். வயசான வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, வேறு கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டார். மீனவர் என்னைப் பார்த்தார். எல்லோரும் ஏன் இவ்வளவு சீக்கிரம் எழுந்துவிட்டார்கள் என்று அவருக்குப் புரியவில்லை.

மாடிப்படியில் வக்கீல் பெண் அவரைப் பிடித்துக்கொண்டாள். "என்ன இப்படிச் சொல்லிட்டீங்க? கேஸே போச்சு!"

"உள்ளதத்தானே சொன்னேன்," என்றார் அவர். பார்க்கிறவர்களுக்குப் பரிதாபமாக இருந்திருக்கும். எனக்கு அப்போதும் பரிதாபம் வரவில்லை. பொய் சொன்னால் இப்படித்தான், எங்கேயாவது ஒரு இடத்தில் கால் வழுக்கும் என்று நினைத்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினேன்.

மறுநாள் காலை என் கணவர் பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். நான் அடுப்படியிலிருந்தே கத்தினேன். "உப்பு நிறைஞ்சிருக்கு. மறக்காம வாங்கிண்டு வாங்கோ."

"சரி சரி," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது.

உப்பு நிறைஞ்சிருக்கு என்றால் உப்பு ஜாடி காலி. எங்கள் ஆத்தில் உப்பு, அரிசி, மஞ்சள் இதையெல்லாம் 'இல்லை' என்று வாயால் சொல்லமாட்டோம். சொன்னால் நிஜமாகவே இல்லாமல் போய்விடும் என்று ஒரு பயம். அதனால் தீர்ந்துபோனதை நிறைஞ்சிருக்கு என்போம். அவர் ஒருநாளாவது, நிறைய இருந்தால் எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்டதுண்டா? சுத்தமா நெறஞ்சிட்ச்சி! அடி பாவி, தினமும் உன் வாயில் வருகிற வார்த்தைதானே! அதையே ஒரு மீனவர் சொன்னால் உனக்குத் தமிழ் மறந்துபோகுமா? அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் காது கேட்காமல் இல்லை. அவர் வாயில் நல்ல தமிழ் வரும் என்று நான் நினைக்கவே இல்லை, அதுதான் விஷயம்.

ஆனாலும் என் புத்தி இருக்கிறதே, அதற்கு இதிலும் சந்தேகம். நான் பாட்டுக்கு ஏதாவது கற்பனை பண்ணிக்கொள்கிறேனா? நேரில் கேட்டுவிடலாம் என்று அன்று சாயங்காலமே பட்டினப்பாக்கம் போனேன். அவர் மணலில் தன் படகின் நிழலில் உட்கார்ந்து வேறு யாருடைய வலையையோ பிரித்துக்கொண்டிருந்தார். படகின் பின்பக்கம், இஞ்சின் மாட்டும் இடத்தில், ஒரு பிளாஸ்டிக் கோணியைச் சுற்றிக் கட்டியிருந்தது.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றேன். "அந்தக் கப்பல்ல டீசல் இருந்ததா, இல்லையா?"

"அதான் சொன்னேனேம்மா, நெறஞ்சிட்ச்சின்னு."

"இருந்ததா, இல்லையா?"

அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எம்மா, இந்தக் கடலு மூஞ்சிக்கு நேரா அந்த வார்த்த நாங்க சொல்லமாட்டோம். தண்ணி, டீசல், சோறு எதையும். பயகிப் பயகி வூட்லயும் நெறஞ்சிட்ச்சின்னுதான் வாயில வரும். அதுல ஆளுங்க போய்க்கினு வந்துக்கினு கீறாங்க இல்ல?" என்றவர் எழுந்து நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். ரோட்டைத் தாண்டி, குடியிருப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தினார். "சொட்டு கூட இல்ல. அதுக்குத்தான் வலைய உட்டுட்டு ஓடினோம். இன்னும் கொஞ்ச நேரத்துல பாலத்துல மோதிக்கினு இருக்கும். உனுக்கு இது அன்னிக்குப் பிரியலியா?"

"புரியலை," என்றேன். அது பாதி உண்மை.

வக்கீல் பெண்ணுக்குப் போன் பண்ணினேன். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு, "மாமி, யோசிச்சுக்கோங்க. அவர் சொன்ன வார்த்தைக்கு நேர் அர்த்தம் அதுதான், உங்கமேல யாரும் தப்பு சொல்ல முடியாது. இப்போ மாத்தினா நாங்க காசு கொடுத்து உங்களை மாத்தினோம்னு சொல்லுவாங்க. அப்புறம் எந்த வக்கீலும் உங்களுக்கு வேலை தரமாட்டாங்க," என்றாள். அவள் சொன்னது அத்தனையும் சரி. பேசாமல் இருந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இரண்டு நாள் அதே நினைப்பாக இருந்தது. படகில் கட்டியிருந்த அந்தக் கோணி வேறு கண்ணை விட்டுப் போகவில்லை. மூன்றாம் நாள், என் மொழிபெயர்ப்பு தப்பு என்று நானே ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுபடி அதே மாடி. இந்தத் தடவை சாட்சி நாற்காலியில் நான். வயசான வக்கீல் அதே மரியாதையோடு ஆரம்பித்தார். எல்லாம் இங்கிலீஷில்தான். இந்தத் திருத்தத்துக்கு எவ்வளவு வாங்கினீர்கள் என்றார். ஒன்றும் வாங்கவில்லை என்றேன். மீனவக் குடும்பத்தோடு பழக்கமா என்றார். இல்லை. இருபது வருஷ அனுபவத்தில் இந்த வார்த்தை புரியவில்லையா என்றார். காது சுட்டது. யாரும் என்னை இப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. நான் எல்லோரையும் பார்க்கும் பார்வை அது.

"எழுதும்போது உங்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லையா?"

"வந்தது."

"சந்தேகம் வந்தால் கேட்பீர்கள் இல்லையா?"

"கேட்பேன்."

"அன்று கேட்டீர்களா?"

"இல்லை."

"ஏன்?"

பின் பெஞ்சில் அந்த மீனவர் உட்கார்ந்திருந்தார். அதே இஸ்திரிச் சட்டை. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது அப்போது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

"அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன்."

"எதனால் அப்படி நினைத்தீர்கள்?"

யோசித்தேன். இஸ்திரிச் சட்டை என்று சொல்ல முடியுமா? "காரணம் எதுவும் இல்லை," என்றேன்.

டைப்பிஸ்ட் அதையும் அடித்தார். வெளியே மாடிப்படிக்கு வந்ததும் மீனவர் என்னிடம் வந்தார். "இன்னாம்மா கேட்டான் அந்த ஆளு? உன் மூஞ்சே செவந்துட்ச்சே."

"ஒண்ணுமில்லை. வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார்," என்றேன். சத்தியம் பண்ணிச் சொன்னதெல்லாம் உண்மை. மாடிப்படியில் சொன்னது பொய்.

மழைக்காலம் ஒன்று வந்து போனது. ஒருநாள் வக்கீல் பெண் போனில் கத்தினாள். ஜெயித்துவிட்டார்களாம். சாயங்காலமே தீர்ப்பை அனுப்பி வைத்தாள். "இதைத் தமிழ்ல போட்டுக் கொடுங்க மாமி. குப்பத்துல எல்லாருக்கும் காட்டணுமாம். வேற ஆள்கிட்ட கொடுக்கட்டான்னு கேட்டேன். அந்தம்மாவே எழுதட்டும், ஆனா என் எதிர்க்க உக்காந்து படிச்சிக் காட்டணும்னு சொல்லிட்டார்."

அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது, முட்டாள்தனமாக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். இந்தத் தடவை சங்கிலியை முன்பே எடுத்து வைத்திருந்தேன். காப்பி கொடுத்தேன். நான் படிக்கப் படிக்க, ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, "அப்டின்னா?" என்று கேட்டார். "ஆபத்து மெய்யானது" என்ற வரிக்கு இரண்டு தடவை கேட்டார். எழுதிய வார்த்தையை விட்டுவிட்டு நான் வேறு எதையாவது சொல்கிறேனா என்று என் விரல் போகும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதிப் பக்கம் தாண்டியதும் நான் நின்றுவிட்டேன்.

"இன்னா நிறுத்திட்ட? படி."

அந்த வரியைத் தமிழில் எழுதாமலே விட்டுவிடலாமா என்று முந்தின நாள் பூரா யோசித்திருந்தேன். எழுதித்தான் இருந்தேன். படித்தேன். "இந்த மொழிபெயர்ப்பாளர், சாட்சியை முதலிலிருந்தே பொய் சொல்கிறவர் என்று எந்தக் காரணமும் இல்லாமல் கருதியதாகத் தாமே ஒப்புக்கொள்கிறார். அப்படிக் கருதியவர் அவருக்குச் சாதகமாகப் பொய் சொல்ல வந்தார் என்பதை ஏற்க முடியவில்லை. எனவே அவருடைய திருத்தம் ஏற்கப்படுகிறது."

அவர் "அப்டின்னா?" என்று கேட்கவில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது மொத நாளே தெரியும்மா," என்றார். குரலில் கோபம் இல்லை. "அத்த வுடு. எய்தறதாவது ஒயுங்கா எய்துவன்னு நெனச்சேன்."

மன்னிச்சுக்கோங்கோ என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் ஆத்துப் பேச்சுதான் வந்தது. அதுவும் முழுசாக வரவில்லை.

"இஞ்சினப் பத்தி எங்க எய்திகீது?"

அந்தப் பத்தியைப் படித்தேன். எரிந்துபோன இஞ்சினுக்குப் பதில் புது இஞ்சின் வாங்கும் விலையும் வெகுமதியோடு சேர்ந்து கிடைக்கும் என்று இருந்தது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். மூன்றாவது தடவையும் சொன்னார். படித்தேன். பிறகு தமிழ்க் காகிதங்களை வாங்கி அடுக்கி நாலாக மடித்தார்.

"அந்த இங்கிலீஷ்தயும் குடு," என்றார். "எம் பொண்ணு காலேஜ் போறா. ரெண்டயும் வச்சி சரியா கீதான்னு பாக்கச் சொல்றேன்."

எடுத்துக் கொடுத்தேன்.